தளர்வது தசை, கோளாறு எங்கே?

தசை தளர்கிற நோய் என்றால் கோளாறு தசையில்தான், ஆகவே தசை செல்களை மட்டும் கண்ணாடித் தட்டில் வளர்த்து ஆராய்ந்தால் போதும் என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் உண்டு. டுஷேன் தசைச் சிதைவு நோய்க்கு இது பெரிதும் பொருந்தும். தசை நாருக்கு உறுதி தரும் டிஸ்ட்ரோபின் புரதமே அங்கே இருப்பதில்லை. ஆனால் எஸ்.எம்.ஏ. எனப்படும் தண்டுவடத் தசை மெலிவு நோயில் கெடுவது தண்டுவடத்தின் இயக்க நரம்பு செல்கள். தசை மெலிவது அதன் விளைவு. மயஸ்தீனியா கிராவிஸ் இன்னும் விசித்திரம். நரம்பும் உயிரோடு இருக்கும், தசை நாரும் இருக்கும். நரம்பு சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற சைகைப் பொருளை வாங்கிக்கொள்ள தசைப் பரப்பில் உள்ள ஏற்பிகளை நோயாளியின் சொந்த எதிர்ப்புப் புரதங்களே தாக்கும். இமை சரியும், வேலை செய்யச் செய்யக் கை சோரும். நரம்பும் தசையும் சந்திக்கும் இடமே இல்லாத தட்டில் இந்த நோயை எங்கே போய்த் தேடுவது?

அதனால்தான் இரண்டையும் சேர்த்து வளர்க்கிறார்கள். பெர்லினின் மாக்ஸ் டெல்புரூக் மையத்தில் மினா கௌடி குழுவினர் மனித ஸ்டெம் செல்களிலிருந்து தண்டுவட நரம்பும் தசையும் ஒன்றாக உருவாகும் திசு உருண்டைகளை வளர்த்து 2020இல் வெளியிட்டார்கள். சுமார் 50 நாளில் அவை தாமாகவே துடித்தன. மயஸ்தீனியா நோயாளிகளின் எதிர்ப்புப் புரதங்களைச் சேர்த்ததும் துடிப்பு குறைந்தது. இயக்க நரம்பு செல்கள் அழிந்து தசை தளரும் ஏ.எல்.எஸ். நோயை ஆராய அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழு 2018இல் வேறு வழியில் போனது. சிறு சில்லின் ஒரு பக்கம் ஏ.எல்.எஸ். நோயாளியின் செல்லிலிருந்து உருவாக்கிய நரம்பு, மறுபக்கம் தசை. ஒளிக்கு இசையும்படி மாற்றிய அந்த நரம்பு ஒளி பட்டால் தூண்டப்படும், தசை சுருங்கும். தசை இரு முனையிலும் பற்றியிருக்கும் சிறு தூண்கள் எவ்வளவு வளைகின்றன என்பதே அதன் வலிமைக்கு அளவு. நோயாளியின் நரம்போடு இணைந்த தசை வலுவிழந்தது. ராப்பாமைசின், போசுட்டினிப் மருந்துகள் அதை ஓரளவு மீட்டன.

எலியில் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். எலி இன்றியமையாததுதான், ஆனால் மனிதனின் நரம்பு-தசைச் சந்திப்பு எலியினுடையதைவிடச் சிறியது, துண்டு துண்டானது என்று 2017இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: தட்டில் வளர்பவை கருப்பருவ முதிர்ச்சியை ஒத்த செல்கள், ஏ.எல்.எஸ். பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகு வருவது. ரத்த ஓட்டமும் அங்கில்லை. இதை மறுக்க முடியாது. எனவே முழு நோயையும் தட்டில் எதிர்பார்க்கக் கூடாது. கோளாறு நரம்பிலா, தசையிலா, சந்திப்பிலா என்ற குறுகிய கேள்விக்கு விடை தேட அது உதவும்.

இந்தத் திசுவையே உடலில் பொருத்திவிடலாம் என்பது மற்றொரு நம்பிக்கை. இவை ஆராய்ச்சிக்கான மாதிரிகள், மாற்றுத் தசை கிடையாது. தட்டில் பலித்த மருந்தும் மனிதர்களிடம் முறையான சோதனைகளைத் தாண்டியாக வேண்டும். அதற்குமுன் இதைச் சிகிச்சை என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.