பிரசங்கஞ் செய்யும் முறை

பாடசாலையிலே ஐம்பது பிள்ளைகளுக்கு முன் நாடோறுந் தடையின்றிப் பேசும் ஆசிரியர், கோயின் மண்டபத்திலே சபையோர்முன் எழுந்து நின்றவுடன் நாவெழாது திகைத்தலை யாம் பலகாலுங் கண்டிருக்கின்றோம். கண்டதென்னை, அநுபவித்தது முண்டு.

யாம் மிசன் பாடசாலையொன்றிற் பயின்ற காலத்தே வாசகங்களை வரிபிசகாது ஒப்புவிக்கவே பழக்கப்பட்டோம். ஆசிரியராகியபின், ஒரு திருவிழாவிலே பேசும்படி ஏவப்பட்டபோதும் அவ்வாறே பத்துப் பக்கம் எழுதி நெட்டுருப்பண்ணிச் சென்றோம். நான்காம் பக்கத்திலே ஒரு குழந்தை வீரிட்டழுதது. தொடர்ச்சி அறுந்தது. அடுத்த சொல் யாதென்று தேடினோமேயன்றி, அடுத்த பொருள் யாதென்று நினைத்திலோம். முன்வரிசையிலிருந்த முதியவரொருவர், “தம்பி, நீர் சொல்ல வந்ததை எனக்குச் சொல்லும்” என்றார். அவரை நோக்கிச் சொல்லத் தொடங்கினோம். எஞ்சியது தானே வந்தது. அன்றுதொட்டு முதல் வாக்கியத்தையும் இறுதி வாக்கியத்தையுமே முழுதும் எழுதுவோம். இடைப்பட்டவற்றுக்குச் சிறு கடதாசித்துண்டிலே குறிப்பு மாத்திரம்.

திருக்குறளிலே அவையறிதல் 72ஆம் அதிகாரம். அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். இவ்வைப்பு முறை நோக்கத்தக்கது. கேட்போர் யாவர், அவர் முன்னறிந்தது எவ்வளவு என்று உணராதவன் அச்சத்தை நீக்க முயல்வதாற் பயனென்னை?

ஆறுமுகநாவலர் 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் திகதி வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 25. உவெஸ்லியன் மிசனிலே பேர்சிவல் பாதிரியாரோடிருந்து, போதகர் பேசும் முறையை அணித்தே கண்டவர் அவர். ஒருவர் பாட்டைப் படிக்க மற்றொருவர் பயன் சொல்லும் புராணபடனம் நம்மவர்க்குப் பழையது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, வாரந்தோறும் வெள்ளிக்கிழமையிலே உரைநடையில் விளங்கப் பேசுதலோ புதியது. பிறரிடத்துள்ள நன்முறையைக் கொள்ளுதற்கு அவர் நாணினாரல்லர், நாமும் நாணவேண்டுவதில்லை.

நம்மிற் சிலர் அவையடக்கத்திலேயே கால்மணி நேரத்தைக் கழிக்கின்றனர். தமக்கு ஒன்றுந் தெரியாதென்று பன்முறை சொன்னால் சபையோர் நம்பிவிடுவர்.

குரலைப்பற்றி ஒன்று கூறுவோம். கருங்கன் மண்டபத்திலே விரைந்து பேசினால் முன்சொல்லின் எதிரொலி பின்சொல்லை மூடும். ஒலிபெருக்கி வைத்தால் அக்குற்றம் பெருகுமேயன்றிக் குறையாது. ஆதலால் வாக்கியந்தோறும் சிறிது நிறுத்துக. முதனாள் மாலையிலே மாணாக்கனொருவனைக் கடைக்கோடித் தூணருகே நிறுத்திப் பேசிப் பார்த்தல் நன்று. சொல் விளங்காதவிடத்து அவன் கையை உயர்த்துக. எம்முடைய மாணாக்கன் முதன்முறை கையைக் கீழே விடவேயில்லை.