கேம் போட்டியில் ரசிகர் சத்தம்: சமாளிப்பது எப்படி?

கம்ப்யூட்டர் கேம் போட்டிகளை இப்போது கிரிக்கெட் போல அரங்கில் உட்கார்ந்து ரசிக்கிறார்கள். 2019 ஏப்ரலில் மும்பை என்.எஸ்.சி.ஐ. டோமில் டோட்டா 2 போட்டி அப்படித்தான் நடந்தது. கோவைப் பக்கம் நண்பர்கள் நடத்தும் சிறு போட்டிகளுக்குக் கம்ப்யூட்டர்களை அமைத்துத் தரும் வேலை எனக்கு அவ்வப்போது வரும். அங்கே முதலில் கவனிக்க வேண்டியது ரசிகர் சத்தம்.

சத்தம் கவனத்தைக் கலைக்கும். அது மட்டும் அல்ல. கவுன்டர் ஸ்ட்ரைக் கேமில் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எதிரி, ஆடுபவருக்குத் தெரியாது. பெரிய திரையைப் பார்க்கும் ரசிகர்களுக்குத் தெரியும். ஆடுபவர் அந்தப் பக்கம் திரும்பியவுடன் கூட்டம் "ஓ" என்று கத்தினால் அதுவே துப்பு ஆகிவிடும். திறமையாக ஒளிந்தவர் அநியாயமாகத் தோற்பார்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு.

1. தடுப்பு: 2014-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்த 'தி இன்டர்நேஷனல்' டோட்டா 2 போட்டியில் இரு அணிகளும் ஒலி புகாத கண்ணாடி அறைகளில் ஆடின. இதற்குச் செலவு அதிகம்.

2. மறைப்பு: பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் நின்றால் வெளியே யார் கூப்பிட்டாலும் கேட்காது. ஒரு சத்தம் இன்னொன்றை மூடிவிடுகிறது. திறந்த மேடைகளில் ஆடுபவர்கள் கேம் ஒலிக்காகக் காதுக்குள் இயர்போனும், அதன் மேல் இரைச்சல் ஒலிக்கும் ஹெட்செட்டும் அணிவது இதற்காகத்தான்.

3. தாமதம்: ரசிகர்கள் வேறு அறையில் இருந்தால் ஓ.பி.எஸ். ஸ்டுடியோவில் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு சென்று 'ஸ்ட்ரீம் டிலே' கொடுத்து ஒளிபரப்பலாம். கத்தல் கேட்டாலும் அது பழைய செய்தியாகிவிடும். ஒரே ஹாலில் இது எடுபடாது; ஆடுபவர் துள்ளிக் குதிப்பது திரைக்கு முன்பே தெரிந்துவிடும்.

வீட்டிலேயே செய்து பார்க்க மறைப்பு முறைதான் எளிது. இலவச ஆடாசிட்டி புரோகிராமைத் திறக்கவும். ஜெனரேட் மெனுவில் நாய்ஸ் கிளிக் செய்யவும். வகையில் 'பிங்க்' தேர்ந்தெடுத்து, ஆம்ப்ளிட்யூட் 0.2, நேரம் ஒரு மணி எனக் கொடுத்து, ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து மொபைலில் ஏற்றவும். ஹெட்செட்டின் உறை கீச்சொலியை நன்றாகத் தடுக்கும். கூட்டத்தின் கனத்த ஒலியை அவ்வளவாகத் தடுக்காது. பிங்க் நாய்ஸில் கனத்த ஒலி ஒயிட் நாய்ஸை விட அதிகம் என்பதால் அதுவே பொருத்தம்.

வயர் உள்ள இயர்போனைக் கம்ப்யூட்டரிலும், காதை முழுதாக மூடும் ஹெட்செட்டை மொபைலிலும் இணைக்கவும். ஒரு நண்பரைப் பின்னால் நின்று பேசச் சொல்லி, வார்த்தை புரியாத அளவுக்கு மட்டும் இரைச்சலைக் கூட்டவும். மைக்குக்கு 'புஷ் டு டாக்' வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கூட்டத்தின் சத்தம் உங்கள் மைக் வழியே அணியினர் எல்லோர் காதுக்கும் போய்விடும்.

ஓர் எச்சரிக்கை: 80 டெசிபல் ஒலியை வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேம் ஒலி கேட்கவில்லை என்றால் அதைக் கூட்டாமல் இரைச்சலைக் குறையுங்கள். கோப்பையை அடுத்த ஆண்டும் வெல்லலாம். போன காது திரும்பாது.