மொட்டை மாடியில் முயலும் கோழியும்

பண்ணையில் கழித்துவிட்ட முட்டைக்கோழியை இரக்கப்பட்டு வாங்கிவந்து, முயலோடு விட்டிருக்கிறீர்களா? கவனிக்க:

1. இரவில் தனித்தனியாக அடையுங்கள். கோழி கொத்தினால் முயலின் கண் போய்விடும்.

2. கோழித்தீவனம் முயலுக்கு எட்டக் கூடாது. அதில் கலக்கும் சில மருந்துகள் முயலுக்கு நஞ்சு.

3. பண்ணைக் கோழிக்குப் பெரும்பாலும் அலகு நுனியை வெட்டியிருப்பார்கள். தரையில் இறைத்தால் பொறுக்கத் திணறும். ஆழமான கிண்ணத்தில் வையுங்கள். கூடவே கிளிஞ்சல் தூள், முட்டை ஓடு கெட்டிப்பட.

4. முயலுக்குப் புல்தான் சாப்பாடு. வளர்ந்துகொண்டே இருக்கும் பல் அதில்தான் தேயும். கேரட் எப்போதாவது ஒரு துண்டு, கார்ட்டூனை நம்பாதீர்கள்!

5. வெயில் 30 டிகிரியைத் தாண்டினால், உறையவைத்த தண்ணீர் பாட்டிலை ஈரச் சாக்கில் சுற்றிக் கூண்டுக்குள் வையுங்கள். முயலுக்கு வியர்க்காது, அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

முயல் 12 மணி நேரம் எதுவும் தின்னாவிட்டால், உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். காதைப் பிடித்து அல்ல.