வீட்டை அரிக்கும் கரையான்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வீட்டை அரிக்கும் கரையான் பெரும்பாலும் வீட்டில் வசிப்பதில்லை. அதன் கூடு மண்ணுக்குள் இருக்கிறது. நிலைக்காலிலும் அலமாரியிலும் கண்ணில் படுபவை இரை தேடி வந்த வேலைக்காரக் கரையான்கள். அவற்றின் மெல்லிய உடல் வெளிக்காற்றில் விரைவில் உலர்ந்துவிடும். அதனால் மண்ணை உமிழ்நீரோடும் எச்சத்தோடும் குழைத்து, பென்சில் பருமனில் ஒரு மூடிய பாதை கட்டி, அதற்குள்ளேயே கூட்டுக்கும் மரத்துக்கும் போய்வருகின்றன. இந்தப் பாதையையும் அது தொடங்கும் மண்ணையும் விட்டுவிட்டு, அரிபட்ட மரத்தை மட்டும் பார்ப்பதிலிருந்தே தவறான நம்பிக்கைகளில் பல பிறக்கின்றன.

கரையானை ‘வெள்ளெறும்பு’ என்று சொல்வது பழைய வழக்கம். உண்மையில் அது கரப்பான்பூச்சிக்கு நெருங்கிய உறவு. 2007-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, கரையான்களைத் தனி வரிசையாக வைக்காமல் கரப்பான்களின் வரிசையிலேயே சேர்க்க வேண்டும் என்று காட்டியது. எறும்புக்குப் போடும் சாக்பீஸ் கோடும் பொடியும் கரையானிடம் பயன்படாததற்குக் காரணம் உண்டு: மண்பாதைக்குள் நடக்கும் பூச்சி அந்தக் கோட்டை மிதிப்பதே இல்லை. மழை பெய்ததும் விளக்கைத் தேடி வரும் ஈசல்கள், புதுக்கூடு தொடங்கப் புறப்பட்ட சிறகுள்ள கரையான்கள். அவை வெளியிலிருந்து வந்து விழுந்தால் வீட்டில் கரையான் இருக்கிறது என்று பயப்படத் தேவையில்லை. வீட்டுக்குள்ளேயே சுவரின் இடுக்கிலிருந்தோ நிலையின் அடியிலிருந்தோ ஈசல் கிளம்பினால் கூட்டம் கட்டடத்தை எட்டிவிட்டது என்று பொருள்.

‘கான்கிரீட் வீட்டுக்குக் கரையான் வராது’ என்பது இன்று பரவலாக உள்ள நம்பிக்கை. கான்கிரீட்டைக் கரையான் தின்பதில்லை. ஆனால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விரிசல் அதற்குப் போதுமான வாசல். தரையும் சுவரும் சேரும் மூலை, தண்ணீர்க் குழாய் தரையைத் துளைத்து மேலே வரும் இடம், மின்கம்பி செல்லும் குழாய் ஆகிய எல்லாம் அதற்கு வழி. மாடி வீடும் விலக்கல்ல. கசியும் குழாயால் மேல்தளச் சுவர் ஈரமாகவே இருந்தால், சில இனங்கள் மண்தொடர்பு இல்லாமலே அங்கு துணைக்கூடு அமைத்துவிடும். வீடு கட்டும்போது செய்யும் ஒரு பிழை இதைவிடப் பெரிது. சென்ட்ரிங் பலகைத் துண்டு, ஆப்பு, சிமென்ட் பையின் காகிதம் எல்லாவற்றையும் பேஸ்மட்டத்துக்குள் தள்ளி மேலே மண் நிரப்பிவிடுகிறார்கள். தரைக்கு அடியிலேயே கரையானுக்கு விருந்து வைப்பதற்கு இது சமம்.

‘தேக்கைக் கரையான் தொடாது’ என்பதில் பாதி உண்மை. தேக்கின் வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் டெக்டோகுவினோன் போன்ற வேதிப்பொருள்கள் இருப்பதால் கரையான் அதை ஒதுக்குகிறது. அதைச் சூழ்ந்த வெளுத்த வெளிப்பகுதியில் அந்தக் காப்பு இல்லை, அதைத் தின்றுவிடும். முதிர்ந்த மரத்தில் வைரம் மிகுதி, இளமரத்தில் குறைவு. சீக்கிரம் வெட்டிய மரத்தில் செய்த நிலை தேக்கு என்ற பெயரால் மட்டும் காப்பாற்றப்படாது. வாங்கும்போது மரத்தின் பெயரோடு வைரத்தின் அளவையும் பார்த்தாக வேண்டும்.

மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் ஆயில், உப்புநீர், வேப்பெண்ணெய் ஆகியவை வீடுதோறும் சொல்லப்படும் வைத்தியங்கள். பட்ட இடத்தில் இருக்கும் சில நூறு பூச்சிகள் இவற்றால் சாகலாம். ஆனால் மண்ணுக்குள் இருப்பவை பல ஆயிரம், சில இனங்களில் பல லட்சம். வேப்பெண்ணெயின் வேதிப்பொருள்கள் பூச்சிகளைப் பாதிப்பது உண்மைதான். வெயிலில் அவை சில நாட்களில் சிதைந்துபோகும். மண்ணெண்ணெய் தீ விபத்துக்கு இடம் தரும். உப்புநீர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கரையான் செய்யாத சேதத்தை வைத்தியம் செய்துவிடக் கூடாது. மண்பாதையைத் துடைப்பத்தால் தட்டிவிடுவதும் இதே வகை: பூச்சி வேறு வழி பார்த்துக்கொள்ளும். ஓரிடத்தில் மட்டும் சிறிது உடைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பார்ப்பது பயனுள்ளது. பாதை சரிசெய்யப்பட்டிருந்தால் கூட்டம் இன்னும் அதைப் பயன்படுத்துகிறது.

தோட்டத்துப் புற்றைப் பற்றியும் இரண்டு நம்பிக்கைகள் உண்டு. பாம்பு புற்றைக் கட்டுவதில்லை. கரையான் கட்டியதில் அது குடியேறுகிறது. அதனால் புற்றுக்குள் கையை விடுவது ஆபத்து. ராணியைத் தோண்டி எடுத்தால் எல்லாம் முடிந்தது என்பதும் உறுதியல்ல. வீடுகளைத் தாக்கும் பல இனங்களில் ராணி போனால் அந்த இடத்துக்கு வேறு பெண் கரையான்கள் வளர்ந்து முட்டையிடும். புற்றே இல்லாமல் மண்ணுக்குள் மறைந்து வாழும் இனங்களும் பல.

மரச்சாமானுக்கு அடியில் மாவுபோல் தூள் கொட்டினால் அதுவும் கரையான் என்று மண்ணுக்கு மருந்து அடிப்பவர்கள் உண்டு. அந்தத் தூள் பொதுவாக மரத்தைத் துளைக்கும் வண்டின் வேலை. மரம் உளுத்துப்போவது அதனால். மண்வழி வரும் கரையான் தூளைக் கொட்டாது. தின்ற இடத்தில் மண்ணை அப்பிவைக்கும். இரண்டுக்கும் மருத்துவம் வேறு.

‘ஒருமுறை மருந்தடித்தால் ஆயுளுக்கும் போதும்’ என்பது ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் புழங்கிய காலத்தின் எச்சம். மண்ணில் பல ஆண்டுகள் சிதையாமல் கிடந்ததே அவற்றின் பெருமையாகவும் தீமையாகவும் இருந்தது. 2001-ல் உருவான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் இம்மூன்றையும் உலக அளவில் ஒழிக்க வேண்டிய நச்சுகளில் சேர்த்தது. இந்தியாவிலும் இவை தடைசெய்யப்பட்டவை. இன்றைய மருந்துகள் காலப்போக்கில் வலுவிழக்கும். ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தரநிலை, கட்டும்போதே தரையடி மண்ணில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் மருந்துக் கரைசல் விடச் சொல்கிறது. குளோர்பைரிபாஸ் என்றால் 1 சதவீதம், இமிடாகுளோபிரிட் என்றால் 0.075 சதவீதம், பைபென்த்ரின் என்றால் 0.05 சதவீதம் என்பது அதற்கான செறிவு. கட்டி முடித்த வீட்டில் சுவரும் தரையும் சேரும் இடத்தில் 30 சென்டிமீட்டருக்கு ஒரு துளையிட்டு, அடியில் உள்ள மண்ணுக்கு மருந்து செலுத்தப்படுகிறது. மருந்தின் பெயரைவிட இடைவெளியே விடாத வளையம்தான் முக்கியம். பிறகு குழாய் பதிக்கவோ செடி நடவோ அந்த மண்ணைத் தோண்டினால் வளையம் அங்கே அறுந்துவிடும். கிணறும் ஆழ்துளைக் கிணறும் அருகில் இருந்தால் மருந்து நீரில் கலக்கும் ஆபத்தும் உண்டு. பயிற்சி பெற்றவர்களிடம் மட்டுமே இதை ஒப்படைக்க வேண்டும்.

மருந்துக்கு முன்பே செய்யக்கூடியவற்றுக்குப் பெரிய செலவில்லை. சுவரை ஒட்டி விறகும் அட்டைப்பெட்டியும் அடுக்காதிருத்தல், கசியும் குழாயை உடனே சரிசெய்தல், மழைநீர் பேஸ்மட்டத்தை ஒட்டித் தேங்காமல் பார்த்தல் ஆகியவை அவை. ஆண்டுக்கு இருமுறை, குறிப்பாக மழைக்காலம் முடிந்ததும், நிலையின் அடிப்பகுதியைத் திருப்புளியின் பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். ஓசை பொள்ளலாகக் கேட்டால் மேற்பூச்சு மட்டுமே மிஞ்சியிருக்கக்கூடும்.