நகையைத் திருப்பிப் பார்

அன்புள்ள மருமகள் கயலுக்கு,

அத்தை எழுதுவது. போனஸ் பணத்தில் வைர செட் எடுக்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். நெக்லஸ், தோடு, மோதிரம், வளையல் எல்லாம் ஒரே டிசைன். போட்டோவும் அனுப்பியிருந்தாள். அழகாகத்தான் இருக்கிறது. அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்றாள், அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

செட் வாங்காதே. செட்டாக வாங்கியது செட்டாகவே லாக்கருக்குப் போகும். யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது வெளியே வந்து மறுநாளே திரும்பிப் போகும். வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் இருந்தபோது புதுக்கருக்கு மாறாமல் வந்து விழுந்தவை பெரும்பாலும் இந்த செட்டுகள்தான். ஆபீசுக்குப் போட்டுப் போக நல்ல தோடு ஒரு ஜோடி, கழுத்தோடு கிடக்க ஒரு சங்கிலி, இரண்டு வளையல். முதலில் இவ்வளவு போதும். அப்புறம் வருஷத்துக்கு ஒன்று, கடையை விட்டு வந்தும் மனசை விட்டுப் போகாத ஒன்றாகப் பார்த்து எடு.

"நகைதானே அத்தை, சேமிப்புதானே" என்று நீ சொல்வாய். தங்கம் சேமிப்பு, சரி. நகை அப்படி இல்லை. இரண்டு பவுன், அதாவது 16 கிராம் ஆரம் எடுக்கிறாய் என்று வை. சேதாரம் 18 சதவீதம் போட்டால் 2.88 கிராம் தங்கத்தின் விலையை நகையில் இல்லாத தங்கத்துக்குக் கொடுக்கிறாய். அதற்கும் சேர்த்து 3 சதவீதம் ஜி.எஸ்.டி. நாளைக்கு மாற்றப் போனால் அந்த 16 கிராமுக்குத்தான் கணக்கு. கல் வைத்த நகை என்றால் இன்னும் மோசம். கடன் கொடுக்கும்போது கல்லின் எடையை நாங்கள் கழித்துவிடுவோம்; கல்லுக்கென்று ஒரு ரூபாய்கூடப் போட மாட்டோம். ஆகவே சேமிப்புக்குத் தனியாக வை: காசு, அல்லது சேதாரம் குறைந்த வழவழப்பான வளையல். காசை வங்கியில் வாங்காதே, அவர்கள் விற்பார்கள், திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆசைக்கு எடுப்பதை ஆசைக்கு என்றே எடு, அதில் லாப நஷ்டம் பார்க்காதே.

இனி கடையில் என்ன செய்வது? கையில் கொடுத்ததும் நகையைத் திருப்பிப் பார். முன்பக்கம் விற்பதற்குச் செய்தது. பின்பக்கத்தில்தான் ஆசாரியின் கை தெரியும். பற்றவைத்த இடம் திட்டுத் திட்டாக இருக்கிறதா, ஓரம் விரலில் கீறுகிறதா, வளையங்கள் வாய் மூடியிருக்கின்றனவா என்று தடவிப் பார். கல் வைத்த தோடானால் உன் துப்பட்டாவின் மேல் மெதுவாக இழு. நூல் மாட்டினால் கல்லைப் பிடித்திருக்கும் பல் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கல் ஒருநாள் விழும். திருகாணியை நீயே கழற்றி மாட்டு. மரை வழுக்கினால் வேறு ஜோடி கேள். சங்கிலி அறுவது அநேகமாகக் கொக்கிக்குப் பக்கத்து வளையத்தில்தான், நடுவில் இல்லை. பார்வைக்குத் தடிமனாகவும் கையில் லேசாகவும் இருக்கும் சங்கிலி உள்ளே கூடு. தினமும் போட அது ஆகாது.

வைரத்தைக் கடை விளக்கில் பார்க்காதே. அந்த வெளிச்சத்தில் கண்ணாடித் துண்டும் ஜொலிக்கும். வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார். வைர நகை 18 காரட்டில் வருவது வழக்கம், முத்திரையில் 750 இருக்கும். கொஞ்சம் கடினமான தங்கம் என்பதால் கல்லை இறுக்கிப் பிடிக்கும், அதில் தப்பில்லை. ஆனால் 22 காரட் விலையைப் போட்டிருக்கிறார்களா என்று பில்லில் பார். தங்கத்தின் எடை, கல்லின் காரட், செய்கூலி மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். கல்லுக்கு 5 காரட் ஒரு கிராம். லேப் வைரம் போலி என்று உன் பாட்டி சொல்வாள், அது போலி இல்லை. விலை குறைவு, திரும்பக் கொடுத்தால் கிடைப்பது அதைவிடக் குறைவு. எந்த வைரம் என்று சான்றிதழில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

யாராவது "ஒரிஜினல் ப்ளூ ஜாகர்" என்று சொல்லி விலையை ஏற்றினால் சிரித்துவிட்டு வா. அந்தப் பெயருக்குக் காரணமான தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கம் 1971-லேயே மூடியாயிற்று. நம் ஊர்த் தோடுகளில் மட்டும் இன்னும் புதிதாக வந்துகொண்டே இருக்கிறது!

முத்திரை விஷயம் உனக்குத் தெரிந்திருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யு.ஐ.டி. கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டால் என்ன நகை என்பதும் வரும். கையில் இருப்பது சங்கிலி, திரையில் மோதிரம் என்று வந்தால் எழுந்து வந்துவிடு. பில் உன் பெயரில் இருக்கட்டும், அப்பா பெயரில் வேண்டாம். நாளைக்குக் கல்யாணம் ஆனாலும் இது உன் சம்பாத்தியம் என்று சொல்ல அந்தக் காகிதம் வேண்டும். நகையோடு சேர்த்து லாக்கரில் வைக்காதே, தனியாக வை.

பதினொரு மாதச் சீட்டு கட்டுவதானால் எந்த நகைக்குச் சேதாரம் கிடையாது, எத்தனை சதவீதம் வரை என்று எழுத்தில் கேள். கடையை மூடினால் உன் பணம் வரிசையில் கடைசி என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

விசேஷத்துக்குக் கழுத்து நிறையப் போட ஆசையா? நாகர்கோவில் வடசேரியில் வெள்ளியில் கெம்புக் கல் பதித்துத் தங்கத் தகடு ஒட்டிச் செய்யும் கோயில் நகை வாங்கு. சாமிக்கும் பரதநாட்டிய மேடைக்கும் செய்துவந்த கைகள். தங்கத்தில் அதே ஆரம் வாங்கும் பணத்தில் எத்தனையோ வாங்கலாம், வேலைப்பாட்டிலும் குறைவில்லை.

பாட்டியின் காசுமாலையை மாற்றிப் புது டிசைன் எடுக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். கொடுக்காதே. நூல் இற்றிருந்தால் கோத்துக்கொள். அந்த வேலை இப்போது எந்தக் கூலிக்கும் வராது.

அட்சய திருதியை அன்று போகாதே, கூட்டத்தில் யாரும் திருப்பிப் பார்க்க விட மாட்டார்கள். வார நாளில் காலையில் போ. அப்பாவைக் கூட்டிப் போகாதே. அவன் என் தம்பிதான் என்றாலும் சொல்கிறேன், முதல் கடையில் காபி கொடுத்ததுமே கார்டை நீட்டிவிடுவான்.

அன்புடன்,
மதுரை அத்தை