முன் எக்சல் மாற்றப்போகும் தம்பிக்கு



உன் கடிதம் கிடைத்தது. கிளிவெட்டிக்கு அப்பால் வயல் வாடிக்கு ஆட்களையும் உர மூட்டைகளையும் ஏற்றிப் போகிற மிட்சுபிஷி ஜீப். முன் எக்சலுக்குள் சத்தம் கேட்டுப் பிரித்தாயாம். சக்கர முனையில் இருக்கும் குறுக்கு ஜொயின்ட் சிதறிக் கிடந்ததாம். ‘இதைக் கழற்றி எறிந்துவிட்டு லேண்ட் குரூசர் எக்சல் போடு’ என்று சொந்தக்காரர் நிற்கிறார். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாய். போடலாமா என்று கேட்கிறாய்.

உடைந்தது எது என்பதை முதலில் பார். கிரவுன் பற்களில் ஒரு கீறல்கூட இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். ஜொயின்ட் கிண்ணங்களில் துரு. ஜொயின்ட்டை மூடும் உருண்டைக்குள் இருந்த கிரீஸ் பால் தேத்தண்ணி நிறம். அப்படியென்றால் சீல் தேய்ந்து பல மாதம் ஆகியிருக்கும். மாரியில் வாய்க்காலைக் கடந்த ஒவ்வொரு தடவையும் தண்ணீர் உள்ளே போயிருக்கும். ஊசி பேரிங் துருப்பிடித்த ஜொயின்ட்டை வைத்துக்கொண்டு சுரியில் புதைந்த வண்டியை, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தபடி முறுக்கியிருப்பார்கள். கோணம் கூடக்கூடக் குறுக்கு ஜொயின்ட்டின் தாங்குதிறன் குறையும்; ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் ஏறி இறங்கி உதறும். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லீஸ் ஜீப்பிலேயே இந்த ஒரு மூட்டுக்குப் பென்டிக்ஸ், ரெஸெப்பா, டிராக்டா என்று வகை வகையாகப் போட்டார்கள். முன் எக்சலின் தலைவலி அன்றைக்கும் அங்கேதான் இருந்தது.

இனி எக்சலுக்கு வருவோம். உன் ஜீப்பின் ரேஷியோ 5.38 என்கிறாய்: கிரவுனில் 43 பல், பினியனில் 8. பழைய லேண்ட் குரூசரில் பெரும்பாலும் 4.11 வரும்: 37 பல், 9 பல். கிரவுனின் விட்டம் ஒன்பதரை அங்குலம். பலத்தில் சந்தேகமே இல்லை. ஆனால் அது பெரிய இன்ஜினுக்குச் செய்த சாமான். உன் 4DR5 இரண்டே முக்கால் லீட்டர்கூட இல்லாத டீசல். சொந்தக்காரர் 28 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 போட்டதில் 5.38 ஏற்கெனவே 4.56 போல ஆகிவிட்டது. அதன்மேல் 4.11 போட்டால் பழைய கணக்கில் 3.49தான். முதல் நாள் இருந்த இழுவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. எக்சல் உடையாது, சரி. கிளச் கருகும். அடுத்த போகத்தில் கியர்பெட்டியைச் சுமந்துகொண்டு உன்னிடமே வருவார்.

முன்னுக்கு மட்டும் மாற்றினால் போதும் என்கிறாரே, அதற்குச் சம்மதிக்கவே சம்மதிக்காதே. முன்னும் பின்னும் வேறு வேறு ரேஷியோ இருந்தால் நாலு சக்கரத்தையும் பூட்டியதும் ஒன்றை ஒன்று இழுக்கும். சேற்றில் டயர் வழுக்குவதால் தெரியாது; மூதூர் தார் றோட்டில் ஏறியதும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முறுகும். இன்னொரு சின்ன விஷயம்: ஜீப்புக்கு ஐந்து போல்ட், குரூசருக்கு ஆறு. இரண்டும் ஐந்தரை அங்குல வட்டம்தான், ஆனாலும் ரிம் மாறிப் பொருந்தாது. வயல் நடுவில் பஞ்சர் ஆனால் இரண்டு ஸ்பெயார் டயர் வேண்டும்.

நான் செய்த பிழையையும் கேள். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முந்திய காலம், எல்லாரும் பாதை என்கிற மிதவையில் ஏறிக் கடந்த நாட்கள். ஒரு ஜீப்புக்கு முன் எக்சல் மாற்றினேன். முன் சாஃப்ட் நேராக நிற்கட்டும் என்று டிஃப் மூக்கை நிமிர்த்திவைத்து ஸ்பிரிங் இருக்கைகளை வெல்டு பண்ணினேன். மூக்கு நிமிர்ந்ததில் காஸ்டர் போய்விட்டது. வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது. பாதையின் பலகையில் ஏறும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்து, ஒரு முழம் தள்ளித் தண்ணீருக்குப் பக்கத்தில் போய் நின்றது. இறங்கிய சாரதி என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் பெரிய வலி. வெல்டைச் சீவியெடுத்து மறுபடியும் செய்தேன். ஒரே பக்கம் நீளமாக ஓட்டியிருந்ததால் குழாயும் வளைந்திருந்தது, சீலில் எண்ணெய் ஒழுகியது. சிறு சிறு துண்டாக, பக்கம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு ஓட்ட வேண்டும் என்பது அன்றைக்குப் படித்தது.

எக்சல் மாற்றுவதென்றால் டிஃப் உருண்டை எந்தப் பக்கம் தள்ளி நிற்கிறது என்பதையும் பார்த்துக்கொள். ட்ரான்ஸ்ஃபர் கேஸின் முன் வாய் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே இருக்க வேண்டும். பிரேக் மாஸ்டர் சிலிண்டர், ட்ராக் ராட் என்று வேலை இன்னும் நீளும். அவற்றை நேரில் பேசுவோம்.

என் முடிவு இது. புதுச் சீல், நல்ல குறுக்கு ஜொயின்ட், சரியான கிரீஸ் போட்டு இதே எக்சலைப் பூட்டு. டயரை 31க்கு இறக்கச் சொல். புதைந்தால் முதலில் சக்கரத்தை நேராக்கு, பிறகு மிதி என்று சாரதிக்குச் சொல். லொக்கர் வேண்டாம், லொக்கர் இல்லாத டிஃப் இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்கைத்தான் கொடுக்கும், பூட்டினால் முழு முறுக்கும் ஒரு பாதி சாஃப்ட்டில் விழும். பழைய லேண்ட் ரோவர்க்காரர்கள் பாதி சாஃப்ட் ஒன்றைக் கூடவே கொண்டு போவார்கள். வழியிலேயே மாற்றிக்கொண்டு வருவார்கள். உடைய வேண்டியது ஒன்று இருந்துதான் ஆகும் என்றால் அது கையால் மாற்றக்கூடியதாக இருக்கட்டும்.

அதற்கு மேலும் சொந்தக்காரர் பிடிவாதமாக இருந்தால் முன்னும் பின்னும் சோடியாக எடு, காசும் சோடியாகத்தான் ஆகும் என்று சொல். காப்புறுதிக்காரரிடமும் எழுத்தில் கேட்டு வைக்கச் சொல்.

பஞ்சிகாவத்தைக்காரனுக்குப் பணம் அனுப்பாமல் இரு. நாளைக்குக் காலை கியரை நியூட்ரலில் வைத்து, ஹப்பைப் பூட்டி, முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கில் தூக்கு. அதைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றி, முன் சாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணு. பின்னாலும் அப்படியே. இரண்டு எண்ணிக்கையையும் எனக்கு எழுது.