பூட்டிய ஏட்டில் புகார்கள்

காவலர் மீது ஒருவர் புகார் கொடுக்கிறார். அப்புகாரை யார் யார் படிக்கலாம்? அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் இக்கேள்விக்கு முதலில் ஒரு விடையும், 44 ஆண்டுகள் கழித்து அதற்கு நேர்மாறான விடையும் கூறிற்று.

1976-இல் அம்மாநிலத்தின் குடிமக்கள் உரிமைச் சட்டத்தில் 50-ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. காவலரின் பணிப் பதிவேட்டை, அவர் எழுத்து மூலம் சம்மதித்தாலன்றி, அல்லது நீதிமன்றம் ஆணையிட்டாலன்றி, எவருக்கும் காட்டலாகாது என்றது அது. சிறைக் காவலருக்கும் தீயணைப்புப் படையினருக்கும் கூட அது பொருந்தியது. நோக்கம் தீயதன்று. சாட்சிக் கூண்டில் நிற்கும் காவலரை, மெய்ப்பிக்கப்படாத பழைய புகார்களைக் காட்டி எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் மடக்குவதைத் தடுக்கவே அது வந்தது. பொய்ப் புகாருக்கு ஆளான நேர்மையான காவலரும் உண்டல்லவா?

ஆனால் கூண்டுக்காக நெய்த திரை வரவரப் பெரிதாயிற்று. நியூயார்க் நகரக் காவல்துறை, தண்டனை பெற்ற காவலரின் விவரங்களைப் பல்லாண்டுகளாகப் பத்திரிகையாளர் பார்வைக்கு வைத்து வந்தது. 2016-இல் இச்சட்டத்தைக் காட்டி அதையும் நிறுத்திவிட்டது. மெய்ப்பிக்கப்பட்ட குற்றத்தை மறைப்பானேன் என்பது எனக்கு விளங்கவில்லை.

2014 ஜூலை 17 அன்று ஸ்டேட்டன் தீவில், உதிரிச் சிகரெட் விற்றதாக எரிக் கார்னர் என்பவரைக் காவலர் பிடித்தனர். ஒரு காவலர் அவர் கழுத்தைக் கையால் வளைத்து இறுக்கினார். அத்தகைய பிடியைக் காவல்துறை 1993-லேயே தடை செய்திருந்தது. “மூச்சுவிட முடியவில்லை” என்று 11 முறை சொல்லி அவர் உயிர் நீத்தார். அக்காவலர் மேல் முன்பே புகார் இருந்ததா என்று கேட்டவர்களுக்கு, 50-ஏ பிரிவே பதிலாகக் கிடைத்தது. 2017-இல் பதிவேடு எப்படியோ வெளியே கசிந்தது. முன்பே பல புகார்கள் இருந்தன. அவற்றில் சில குற்றச்சாட்டுகளை விசாரணை வாரியம் மெய்யெனக் கண்டுமிருந்தது!

அப்பிரிவை நீக்கக் கோரிப் போராடியவர்களுள் கார்னரின் தாயாரும் ஒருவர். 2020 மே மாதம் மின்னியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு காவலரின் முழங்காலடியில் இறந்த பின்னரே கதவு திறந்தது. ஜூன் 12 அன்று, அத்தாயார் அருகிருக்க, ஆளுநர் அப்பிரிவை நீக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். காவலர், தீயணைப்போர் சங்கங்கள் வழக்குத் தொடுத்தும் புகார்ப் பதிவேடுகள் வெளியாவதைத் தடுக்க முடியவில்லை. 2021-இல் நகரின் புகார் விசாரணை வாரியம் பதிவேடுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது.

காவலரின் வீட்டு முகவரி, தொலைபேசி எண், மருத்துவக் குறிப்பு போன்றவற்றைப் புதிய சட்டமும் மறைத்தே வைத்திருக்கிறது. அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்களே.